கொம்பு தவறிய கொண்டல்

சென்னைத் துறைமுகத்திலும் அதற்கு வடக்கே எண்ணூர், பழவேற்காடு வரையிலும் பாய்ப்படகு வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்களில் பெரும்பாலோரை நான் முகமறியேன். உங்கள் படகுகளை மட்டும் நன்றாக அறிவேன். திருவொற்றியூரில் குடியிருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியலில் பஸ் பிடித்துக் காசிமேட்டுக்கு வந்து, மீன் ஏலம் கூச்சலும் சண்டையுமாக நடக்கும் இடத்தைத் தாண்டி, அலைதடுப்புக் கற்களின்மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பும் வழக்கமுடைய ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். உங்கள் வெண்பாய்கள் துறைமுகத்தை விட்டு ஒவ்வொன்றாக வெளிக்கடலில் தலைகாட்டும்போது, பாயைப் பார்ப்பதற்கு முன்பே படகின் உடலில் பெயர் எழுதிய இடத்தைக் கண் தேடிப் போய்விடும். இது பரம்பரைத் துர்ப்பழக்கம். என் தகப்பனார் இதே கரையில் படகுகளுக்குப் பெயர் எழுதிப் பிழைத்தவர்; பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவருக்குப் பெயிண்ட் டப்பா பிடித்தவன் நான்.

இந்த மடலை எழுதும்படி என்னைத் தூண்டிய சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், நம்முடைய கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். மீன்கள் இனம்பெருக்குவதற்காக விதித்த அந்தத் தடைக்காலம் காசிமேட்டில் படகுகளுக்கு மறுபிறவிக் காலமாகவும் ஆகிவிட்டது. கரையேற்றி நிறுத்திய படகுகளின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவார்கள், பலகை மாற்றுவார்கள், வர்ணம் பூசுவார்கள், கடைசியில் பெயர் எழுதுவார்கள். அந்த வரிசையின் ஓரத்தில், தேர்த்திருவிழாவுக்கு வந்த வெளியூர் மாப்பிள்ளையைப்போல, ஒரு சிறிய பாய்ப்படகு தள்ளுவண்டிமேல் வந்து நின்றது. இருபதடி இருக்கும். உங்களில் ஒருவருடையது. அதன் பெயர் தமிழில் இருந்தது.

எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் கிட்டப்போய்ப் பார்த்தபோது அந்தச் சந்தோஷம் அரை நிமிஷங்கூட நிற்கவில்லை. ‘கொண்டல்’ என்று வைக்க உத்தேசித்திருக்கிறார்கள். கீழ்க்கடலிலிருந்து கரை நோக்கி வீசும் காற்றுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. பாய்ப்படகுக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை யோசித்தாலும் கிடைக்காது. எழுதியிருந்த லட்சணம் என்னவென்றால், ககரம் தனியே நின்றது. அதற்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் வந்து நின்றது. அதை ஒட்டியே காலும் நின்றது. கொம்புக்கும் காலுக்கும் நடுவே எழுத்தே இல்லை. ணகர ஒற்றின் புள்ளியும் லகர ஒற்றின் புள்ளியும் எழுத்தின் தலைமேல் ஏறாமல் பக்கத்தில் அநாதையாகத் தொங்கின. ஸ்டிக்கர் கடையில் எழுத்து வெட்டும் இயந்திரத்துக்குத் தமிழின் உயிர்க்குறிகளை இடம் மாற்றி அடுக்கத் தெரியவில்லை. கடைக்காரருக்கு அது பிழை என்று தெரியவில்லை. படகுக்காரர் அதை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“கம்ப்யூட்டர்ல சரியாத்தான் சார் இருந்துச்சு” என்றார் அந்த இளைஞர், மிகுந்த விநயத்தோடு. பக்கத்தில் விசைப்படகுக்குப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் ஏணியிலிருந்து எட்டிப்பார்த்து, “இன்னா சார், கொம்பு தனியா மேயுது!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இளைஞரும் சிரித்தார். நானும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது அந்த ஸ்டிக்கரை உரித்துவிட்டு வேறொன்றை ஒட்டியிருந்தார்கள். வெகு சுத்தமான ஆங்கில எழுத்து. ஒரு குறை சொல்ல முடியாது. ‘ஸீ ப்ரீஸ்.’ பொருள்கூட மாறவில்லை, பாருங்கள்! கொண்டல் என்றாலும் கடற்காற்றுத்தான். பெயரைத் திருத்தி எழுதிக்கொள்வதைக் காட்டிலும் மொழியை மாற்றிக்கொள்வது சுலபமாய் இருந்திருக்கிறது. அந்த இளைஞர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தமிழில் பெயர் வைக்க முதலில் நினைத்தவர் அவர் ஒருவராவது உண்டே. வருத்தமெல்லாம், அந்த இடத்திலிருந்து இருபது அடி தூரத்தில் ஏணிமேல் நின்று, கையில் தூரிகை வைத்துக்கொண்டு, இன்னொரு படகுக்குப் பிழையில்லாமல் ஓர் அம்மனின் பெயரை எழுதிக்கொண்டிருந்த ஓர் ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பதுதான்.

படகில் பெயர் எழுதுவது என்ன பிரமாதமான வித்தை என்று நீங்கள் நினைக்கலாம். கடைப்பலகையில் எழுதுகிறவர்கள்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்து, படகின்முன் நின்றவுடன் திகைத்துப்போவார்கள் என்று என் தகப்பனார் சொல்வார். பலகை தட்டையானது, படகின் அணியம், அதாவது முன்பக்கம், வளைந்தது, அதோடு மேலிருந்து கீழாக உள்வாங்கிச் சாய்வது. நூலில் சுண்ணப்பொடி தடவி இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து நடுவே சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். படகில் விழுகிற கோடு கிட்டத்தில் நேராகத் தோன்றித் தூரத்தில் தொங்கிப்போகும். ஆகையால் அவர் நூலை நம்பமாட்டார். எழுத்து வரவேண்டிய இடத்தில் நாலு பொட்டு வைத்துவிட்டு, ஏணியிலிருந்து இறங்கி, முப்பதடி பின்னால் நடந்துபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். திரும்பி வந்து ஒரு பொட்டை அரை அங்குலம் உயர்த்துவார். மறுபடி நடப்பார். எழுதுகிற நேரத்தைக்காட்டிலும் நடக்கிற நேரம் அதிகம். கூலி கொடுக்கிற படகுக்காரர் இதைப் பார்த்துப் பொறுமையிழந்து, “இன்னாய்யா, வாக்கிங் போறியா?” என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

இன்னொரு சூட்சுமம் உண்டு. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. படகின் இடப்புறத்துக்கு எதிரே நின்று பாருங்கள்: அணியம் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும். தமிழும் இடமிருந்து வலமாகப் போவது. ஆகவே முதலெழுத்தை அணியத்தின் அருகே வைத்துத் தாராளமாக எழுதிக்கொண்டு போகலாம். வலப்புறத்துக்கு வந்தால் அணியம் உங்கள் வலது கைப்பக்கம் போய்விடும். கடைசி எழுத்து அணியத்தை ஒட்டி வரவேண்டும். அங்கே முதலெழுத்திலிருந்து தொடங்குகிறவன் கடைசியில் இடமில்லாமல் இரண்டு எழுத்தை நெருக்கித் திணிப்பான். தெரிந்தவன் கடைசி எழுத்தை முதலில் எழுதி, வார்த்தையைப் பின்னிருந்து முன்னாக அளந்துகொண்டு வருவான். ‘ல்’, பிறகு ‘ட’, பிறகு ‘ண்’, பிறகு ‘கொ’. கொண்டலைப் பின்னாலிருந்து எழுதினாலும் கொம்பு எங்கே நிற்கவேண்டுமென்று அந்தக் கைக்குத் தெரியும்.

ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் இரண்டு கோடுகளுக்கிடையே பட்டாளத்துச் சிப்பாய்களைப்போல ஒரே உயரத்தில் நிற்கும். நம் எழுத்துக்கள் அப்படியல்ல. இகர விசிறி மேலே ஏறும், உகரம் கீழே சுழிந்து இறங்கும், ஒகரம் இரண்டு பக்கமும் கைநீட்டும். கண்ணுக்கு ஒரே அளவாகத் தோன்றவேண்டுமானால் தமிழ்ப் பெயருக்கு மேலும் கீழும் ஒரு விரற்கடை அதிகம் ஒதுக்கவேண்டும். புள்ளிகளைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். படகுகள் ஒன்றோடொன்று உரசி நிற்கும் துறையில், உப்பும் கயிறும் முதலில் தின்பது மெய்யெழுத்தின் புள்ளியைத்தான். அதனால் என் தகப்பனார் புள்ளியை மட்டும் மூன்று தரம் வைப்பார். முதல் வர்ணம் காய்ந்தபின் இரண்டாவது, இரண்டாவது காய்ந்தபின் மூன்றாவது. மற்ற எழுத்துக்கெல்லாம் இரண்டு தரம். “புள்ளி போச்சுன்னா பேர் போச்சு” என்பார். இலக்கண வகுப்பில் ஒற்றெழுத்தின் முக்கியத்துவத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க முப்பது வருஷம் நான் பட்ட பிரயாசையெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

அளவைப் பற்றிச் சட்டத்திலேயே விதி உண்டு. 1894-ஆம் வருஷத்து பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம், கப்பலின் அணியத்தில் இருபுறமும் பெயரும், பின்புறத்தில் பெயரோடு பதிவுத் துறைமுகத்தின் பெயரும், கரும்பரப்பானால் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்திலும் வெளிர்பரப்பானால் கறுப்பு எழுத்திலும், நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்றது. என் தகப்பனார் அந்தச் சட்டத்தை வாசித்தவரல்லர். ஆனாலும் அவர் எழுதிய எழுத்து நான்கு அங்குலத்துக்குக் குறைந்ததில்லை. வெள்ளை உடலில் மஞ்சள் எழுத்துக் கேட்டவர்களுக்கு எழுதித் தந்ததுமில்லை.

இனி உங்கள் பாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் எண்ணும், நாட்டைக் குறிக்கும் ஐஎன்டி என்ற மூன்றெழுத்தும் ஒட்டியிருப்பதைப் பார்க்கிறேன். பாயின் துணியில் வெளிச்சம் ஊடுருவி, ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கத்தில் இடவலம் மாறிய நிழலாய்த் தெரியும் என்பதால், வலப்பக்கத்து எண்ணைச் சற்று உயரத்திலும் இடப்பக்கத்து எண்ணைத் தாழ்த்தியும் வைக்கும் பந்தய விதியை அறிந்தபோது, இதை வகுத்தவனும் முப்பதடி பின்னால் நடந்துபோய்ப் பார்த்தவன்தான் என்று எண்ணிக்கொண்டேன். நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன், பாய்ப்படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்மணியாக 2021-இல் டோக்கியோவுக்குப் போனபோது அந்த மூன்றெழுத்துக்கு எவ்வளவு கௌரவம் என்று எல்லோரும் உணர்ந்தோம். எண்ணையும் நாட்டெழுத்தையும் நான் குறை சொல்லவில்லை. காசிமேட்டுப் படகுகளுக்கும் எண் உண்டு. 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபின் எண்ணில்லாமல் எவரும் தொழில் செய்ய முடியாது. ஆனால் அந்தப் படகுக்காரர்கள் எண்ணைச் சர்க்காருக்காக எழுதிவிட்டு, பெயரைத் தங்களுக்காக எழுதுகிறார்கள். தாயின் பெயர், செத்துப்போன தம்பியின் பெயர், அங்காளம்மன், வேளாங்கண்ணி மாதா. ஒருவன் எந்தப் படகில் போகிறான் என்று கேட்டால் குப்பத்தில் யாரும் எண்ணைச் சொல்லமாட்டார்கள்.

உங்கள் பொழுதுபோக்குக்கும் இந்தக் கரைக்கும் உள்ள சம்பந்தம் நேற்று உண்டானதன்று. போர்ட் டிரஸ்டின் தலைவராய் இருந்து, புயலுக்கு ஈடுகொடுக்க முடியாமலிருந்த துறைமுகத்தின் வாயிலை வடகிழக்குப் பக்கம் மாற்றிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவரே 1911-இல் இங்கே பாய்ப்படகுச் சங்கத்தையும் நிறுவினார். அந்தத் துறைமுகம் வருவதற்கு முன்னால், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை கடந்து கரைசேர்த்தவர்கள், கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளைச் செலுத்திய நம் படகோட்டிகள். அவர்கள் தங்கள் உழைப்பின் பணத்தில் எழுப்பிய தேவாலயம் இன்றும் ராயபுரத்தில் இருக்கிறது. மீனவரான பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயர் இராயப்பர். அவரால்தான் அந்தப் பேட்டைக்கே ராயபுரம் என்று பெயர் வந்தது என்பது இங்குள்ள வழக்கு. ஒரு பேட்டைக்கே பெயர் தந்த ஜனங்களின் கரையில் நிறுத்திய படகுக்குப் பெயர் தேட நீங்கள் ஆங்கில அகராதியைப் புரட்டுவது எனக்கு விசித்திரமாகத்தான் இருக்கிறது.

அதைக்காட்டிலும் விசித்திரம் ஒன்று உண்டு. உங்கள் உலகத்தில் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகை எந்தத் தேசத்தார் ஆனாலும் கட்டமரான் என்கிறார்கள். நம் கட்டுமரம் என்ற சொல்தான் அது. வாஸ்தவத்தில் கட்டுமரத்துக்கும் இரட்டை உடல் படகுக்கும் உறவு கிடையாது. நம்முடையது மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டியது, கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்திவிடுவார்கள். சிறுவயதில் முக்கோணப் பாய் விரித்துக் கட்டுமரங்கள் கரை திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுக்குக்கூடப் பெயர் கிடையாது. நாள்தோறும் அவிழ்த்துக் கட்டும் மரத்தில் எங்கே எழுதுவது? என் தகப்பனாருக்கு அதில் ஒரு காசு வருமானமில்லை. தன் உடம்பில் பெயர் எழுத இடமில்லாத ஓர் ஏழை ஓடம், உலகத்துப் பணக்காரர்களின் படகுக்கெல்லாம் தன் பெயரைத் தானம் செய்துவிட்டது. அந்தத் தானத்தை வாங்கிக்கொண்ட படகுகளில் ஒன்றைச் சென்னையிலேயே ஒருவர் வைத்திருந்து, அதற்குத் தமிழில் ஒரு பெயர் வைக்கக் கூசினால் அதை என்னவென்று சொல்வது?

‘பெயர் எந்த மொழியில் இருந்தால் என்ன? படகு ஓடுவது காற்றால்தானே?’ என்று உங்களில் சிலர் ஆட்சேபிக்கலாம். நியாயமான கேள்வி. வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசிக் கம்பெனிக்காக 1907-இல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த இரண்டு கப்பல்களுக்கும், காலியா, லாவோ என்று, ஏற்கெனவே வைத்திருந்த அந்நியப் பெயர்களே இருந்தன. அதனால் அவருடைய தேசபக்திக்கு ஒரு குறையும் நேர்ந்துவிடவில்லை. அவருக்கு இருந்த ஆயிரம் விக்கினங்களுக்கு நடுவே பெயரைப் பற்றி யோசிக்க நேரம் ஏது? உங்களுக்கு அந்த விக்கினங்கள் இல்லை, நேரம் இருக்கிறது. ஆட்சேபத்துக்கு என்னுடைய சமாதானமாக வேறொரு கப்பலின் கதையைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில், நம் இனத்துக் கப்பல் மேஸ்திரிகள் கட்டிய பாய்க்கப்பல் ஒன்று இருந்தது. 89 அடி நீளம். பெயர் அன்னபூரணி. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதைக் கண்டு ஆசைப்பட்டு விலைக்கு வாங்கினார். அவர் சாமான்யரல்லர், 1928 முதல் 1931 வரை முப்பத்திரண்டு அடிப் படகு ஒன்றில் உலகத்தைச் சுற்றிவந்தவர். அந்தப் படகுக்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்வாப்’. கனவு என்று பொருள்படும் சம்ஸ்கிருதச் சொல் என்று எண்ணி வைத்தது. பிற்காலத்தில் அவர் கட்டிய கப்பலுக்கோ ‘வாருவா’ என்று தஹிதித் தீவினரின் பாஷையில் பெயர். ஆனால் அன்னபூரணியை வாங்கியபோது அந்தப் பெயரை எடுத்துவிட்டு, தம்முடைய மனைவியின் பெயரால் ‘ஃபுளாரன்ஸ் ஸி. ராபின்சன்’ என்று ஆக்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் செலுத்திக்கொண்டு, சூயெஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலையும் அட்லாண்டிக் சமுத்திரத்தையும் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாகாணத்துக் குளௌஸ்டர் துறையில் கொண்டுசேர்த்தார்கள். நம்மவர் கட்டி, நம்மவர் ஓட்டி, அமெரிக்கா போய்ச்சேர்ந்த அந்தக் கப்பல் அங்கே நங்கூரம் போட்டபோது அதன் உடலில் இருந்தது ஓர் அமெரிக்கப் பெண்மணியின் பெயர்.

ராபின்சன்மேல் குற்றமில்லை, விலைகொடுத்து வாங்கியவர், பிரியமான மனைவியின் பெயரை வைத்தார். காசிமேட்டில் பழைய படகை வாங்குகிறவனும் அதைத்தான் செய்கிறான். ஆனால் வல்வெட்டித்துறைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தலைமுறைகள் கடந்தும் அதை அன்னபூரணி என்றே சொல்லிவருகிறார்கள். அந்த நீண்ட அமெரிக்கப் பெயர் அவர்கள் வாயில் ஏறவில்லை. பெயர் என்பது படகின் உடலில் எழுதியிருப்பது மாத்திரமன்று என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டுமா? காசிமேட்டில் ஒரு பழைய படகின் பெயரைச் சுரண்டிப் புதிதாக வர்ணம் பூசியபின், சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது நின்று பாருங்கள். புது வர்ணத்துக்கு அடியில் பழைய எழுத்தின் தடிப்பு மேடாகத் தெரியும். மூன்று தரம் வைத்த புள்ளிகள்தாம் முதலில் தெரியும்.

ராபின்சன் வாங்கியதனால் கப்பலின் உடலில் ஒரு பெயர் அழிந்தது. உங்கள் படகுகளை யாரும் வாங்கிக்கொண்டு போகவில்லை. நீங்களே வாங்கி, உங்கள் ஊரிலேயே நிறுத்தி, உங்கள் பிள்ளைகளையே ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். அப்படியிருக்க, ஃபுளாரன்ஸ் ராபின்சனை நீங்களாகவே எழுதி வைத்துக்கொள்வானேன்?

காரியார்த்தமாகவும் ஒன்று சொல்வேன். கடலில் ஆபத்து நேர்ந்தால் ரேடியோவில் 16-ஆம் அலைவரிசையில் உதவி கேட்கும்போது படகின் பெயரை மும்முறை சொல்லவேண்டும் என்று உங்களுக்குப் பயிற்சி தந்திருப்பார்கள். அதைக் கேட்டு முதலில் வந்துசேரக்கூடியவர் யார்? கடலோரக் காவல்படை வரலாம். அதற்கு முன்பே வருகிறவன் அருகில் வலை வீசிக்கொண்டிருக்கும் காசிமேட்டுக்காரனாகவோ எண்ணூர்க்காரனாகவோ இருப்பான். அவன் காதில் விழுந்தவுடன் பிடிபடுகிற பெயர், தூரத்திலிருந்து பார்த்தவுடன் படிக்க முடிகிற எழுத்து உங்கள் படகில் இருக்கவேண்டாமா? நீளமாகச் சங்கீத வித்துவானின் பட்டங்களைப்போல வைக்காதீர்கள். நாலைந்து எழுத்துப் போதும். காற்றுக்கு எதிராகக் கூவும்போது இழுத்துச் சொல்ல ஏற்றதாக, உயிரோசையில் முடிகிற பெயர் இன்னும் விசேஷம். வாடை என்று வையுங்கள். அன்னபூரணியே காலியாகத்தான் இருக்கிறது. இந்தக் கரையின் மீனவர்கள் நீரோட்டங்களுக்கு வன்னி என்றும் தெண்டி என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள்; அவர்களிடம் கேட்டால் அகராதியில் ஏறாத இன்னும் பத்துச் சொல் கிடைக்கும். கேட்பதற்காக ஒரு தரம் நீங்கள் துறைமுக மதிலைத் தாண்டி வடக்கே வரவேண்டியிருக்கும். அதுவும் நல்லதற்கே.

பதிவுக்கும் பந்தயத்துக்கும் ஆங்கில எழுத்து அவசியமானால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், தமிழுக்குக் கீழே. இரண்டும் இருந்தால் படகு மூழ்கிவிடாது.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பெயரெழுத்தின் அருமை எப்படித் தெரிந்ததென்று ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. டான் காஞ்சிபுரம், பி.டபிள்யூ. மேப்பிள் என்ற அந்த இரண்டு பெயர்களும் வாளியால் எண்ணெய் அள்ளிய பிள்ளைகளுக்கு மனப்பாடம். காஞ்சிபுரம் என்ற பெயர் அப்படி ஒரு சந்தர்ப்பத்தில் எங்கள் காதில் விழவேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்தது. கட்டியிருந்த ஃபைபர் படகுகளின் பக்கங்களெல்லாம் தார் பூசியதுபோல் ஆகி, பெயர்களையெல்லாம் கறுப்பு விழுங்கிவிட்டது. எல்லாப் படகும் ஒன்றுபோலவே இருந்தன. நான் போனபோது ஒருவர் மண்ணெண்ணெய்த் துணியால் தம் படகைத் துடைத்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தை அவர் இன்னும் தொடவில்லை. வலையைப் பிரித்துப் பார்க்கவில்லை. துடைக்கத் தொடங்கிய இடம், மகள் பெயர் எழுதியிருந்த இடம். பாதி எழுத்து துணியோடு வந்துவிட்டது. பிறகு மறுபடி எழுதிக்கொண்டார், கடன் வாங்கிய பெயிண்டில்.

ஆகையால் உங்களிடம் நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் இதுதான். அடுத்த முறை உங்கள் படகைக் கரையேற்றி வர்ணம் பூசும்போது, ஸ்டிக்கர் கடைக்குப் போவதற்கு முன் காசிமேட்டுக்கு வாருங்கள். கையால் எழுதுகிற ஆர்ட்டிஸ்டுகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தடைக்காலம் முடிந்தால் அவர்களுக்கு வேலை கிடையாது, வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போய்விடுவார்கள். உங்களுக்குத் தடைக்காலம் என்று ஒன்று இல்லாததால், அவர்கள் சும்மா இருக்கும் மாதங்களில் உங்களால் வேலை கொடுக்க முடியும். அணியத்தின் இருபுறமும் ஒரு தமிழ்ப் பெயர். பின்புறத்தில் அதே பெயர், அதன்கீழ் சென்னை. உங்கள் பிள்ளையைக் கூடவே நிறுத்தி ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொண்டலின் சொந்தக்காரர் இந்த மடலைக் காண நேர்ந்தால், அவருக்காக எழுத்துக் கூலியை நானே தருகிறேன்.

காலை ஏழு மணிக்கு முன்பே வந்துவிடுங்கள். வெயில் ஏறிச் சுட்ட உடலில் எனாமல் சரியாக ஓடாது. வரும்போது பெயரை ஒரு தாளில், உங்கள் கையாலேயே, பெரிதாக எழுதிக் கொண்டுவாருங்கள். புள்ளிகளை மறந்துவிடாதீர்கள்.

தங்கள்,
திருவொற்றியூர்த் தமிழாசிரியன்